எச்சரிக்கைத் தளத்தை எளிதில் நிறுவலாம்; பகிரும் வழக்கம் வருமா?

கோலார் தங்கவயல்: கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் பாறை வெடிப்பு தொழிலாளர்கள் பலரின் உயிரைப் பறித்தது. அது நிகழ்ந்த இடத்தை ஒரே ஒரு கருவியால் துல்லியமாகக் கணிக்க இயலாது. எனவே, 1970-களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் பல இடங்களில் உணர்கருவிகள் பொருத்தப்பட்டு, அவற்றின் பதிவுகள் ஒப்பிடப்பட்டன. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. ஆனால், அந்த அணுகுமுறை இன்றைய இணையப் பாதுகாப்புக்கும் பொருந்துகிறது.

கூடங்குளம் தரும் பாடம்

இந்திய அணுமின் கழகத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் மால்வேர் புகுந்ததை அக்கழகம் 2019 அக்டோபர் 30-ஆம் தேதி ஒப்புக்கொண்டது. அதனை செப்டம்பர் 4-ஆம் தேதியே கவனித்துத் தெரிவித்தது, இந்திய கணினி அவசரநிலை மீட்புக் குழுவான செர்ட்-இன். அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் விளக்கமளித்தது. பெரிய நிறுவனத்துக்கும் எச்சரிக்கை வெளியிலிருந்தே வரக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

கன்டெய்னரின் பயன்

இத்தகைய எச்சரிக்கைகளைப் பகிர உலகெங்கும் பயன்படுவது 'எம்ஐஎஸ்பி' என்ற இலவச மென்பொருள். பெல்ஜியம் பாதுகாப்புத் துறையில் 2011-இல் உருவான இதனை, தற்போது லக்சம்பர்க்கின் சர்க்ல் அமைப்பு முன்னின்று மேம்படுத்தி வருகிறது. சந்தேகத்துக்குரிய ஐபி முகவரி, இணையதளப் பெயர், மால்வேர் கோப்பின் அடையாள எண் போன்றவற்றை ஒரு நிறுவனம் பதிவிட்டால், இணைப்பிலுள்ள மற்றவை தங்கள் கணினிகளில் அவற்றைத் தேடிப் பார்க்கலாம்.

இணைய சர்வர், தரவுத்தளம், துணை மென்பொருள்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுவுவது கடினமான பணியாக இருந்தது. டாக்கர் கன்டெய்னர் முறையில் இவை ஆயத்தப் பொதிகளாகக் கிடைப்பதால், அனுபவமுள்ள ஒருவர் சில மணி நேரத்தில் தளத்தை இயக்கிவிடலாம். எனினும், தரவுகளைக் கன்டெய்னருக்கு வெளியே சேமிக்காவிட்டால், அதனை நீக்கும்போது அவையும் அழிந்துவிடும். தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்துவைத்தால், எச்சரிக்கைத் தளமே தாக்குதலுக்கு வாயிலாகிவிடும்.

தயக்கமே தடை

பொதுத்துறை நிறுவனமான பிஇஎம்எல்லின் ஆலை இயங்கும் தங்கவயல் போன்ற தொழில் நகரங்களில், பெரிய ஆலைகளைச் சார்ந்த சிறு நிறுவனங்களுக்குத் தனிப் பாதுகாப்புக் குழு அமைப்பது எளிதன்று. தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட உத்தரவு, பெருநிறுவனங்களோடு நின்றுவிடவில்லை.

ஆனால், பெயர் கெடும், ஒப்பந்தம் கைநழுவும் என்ற அச்சத்தில் தாக்குதலை மறைக்கும் போக்கை மென்பொருளால் மாற்ற இயலாது. ஒரு தகவல் சொந்த நிறுவனத்துக்கு மட்டுமா, குழுவுக்கா, அனைவருக்குமா என வரையறுக்கும் வசதி எம்ஐஎஸ்பி-யில் உள்ளது. பெரிய ஆலைகள் தளத்தை நிறுவிப் பராமரித்து, பாதிப்பைத் தெரிவிக்கும் சிறு நிறுவனங்களைத் தண்டிக்காமல் இணைத்துக்கொண்டால் மட்டுமே இம்முயற்சி பயன் தரும். இல்லையேல், தளம் இயங்கும்; அதில் எச்சரிக்கை இராது.