மாத்திரை வலுவிழக்கும் நேரம்

டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரைக்கு நரம்பியல் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பும் பார்க்கின்சன் நோயாளி, பஸ் நேரத்துக்கு முன்னால் மாத்திரை நேரத்தைக் கணக்குப் பார்க்கிறார். எட்டு மணிக்குப் போட்ட மாத்திரை பதினொன்றரைக்குள் வலுவிழந்துவிட்டால், மதுரையில் இறங்கும்போது கால் நகர மறுக்கும். இப்படி மருந்து வேலை செய்யாத இடைவெளியை ‘ஆஃப் நேரம்’ என்கிறார்கள்.

நடுக்கவாதம் என்று நாம் சொல்லும் இந்த நோயில், மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிகின்றன. உடல் அசைவு சீராக இருக்க டோபமின் வேண்டும். லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. (பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். நடுக்கவாதத்துக்கு அது மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.) சில ஆண்டுகள் நன்றாகப் போகும். பிறகு ஒரு மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரை தாங்காது. அளவைக் கூட்டினால் கைகால் தானாக நெளியத் தொடங்கும்.

இந்தக் கட்டத்தில்தான் துணை மருந்து வருகிறது. என்டகபோன், ரசாகிலின் போன்றவை லெவோடோபாவோ டோபமினோ சிதையாமல் காக்கும். அவையும் டோபமின் பாதையைச் சேர்ந்தவையே. ஜப்பானில் உருவான இஸ்ட்ராடெஃபிலின் அந்தப் பாதையைத் தொடுவதில்லை.

அது எப்படி வேலை செய்கிறது? அசைவை முடுக்கும் நரம்புப் பாதை ஒன்று மூளையில் உண்டு. அடக்கும் பாதை இன்னொன்று. அடக்கும் பாதையை மூக்கணாங்கயிறு என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தளர்த்தும் கை டோபமின், இறுக்கும் கை அடினோசின் என்ற வேறொரு வேதிப்பொருள். டோபமின் குறைந்தால் தளர்த்தும் கை சோர்கிறது. இறுக்கும் கை மட்டும் மிஞ்சுகிறது. அடினோசின் வந்து பற்றும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். இஸ்ட்ராடெஃபிலின் அந்த ஏற்பியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. டோபமின் கூடுவதில்லை, அடக்குதல் குறைகிறது.

காப்பியில் உள்ள காஃபினும் இதே ஏற்பியை மறிக்கிறது; இரண்டும் ஒரே வேதிக் குடும்பம். காப்பி குடிப்பவர்களுக்கு இந்நோய் குறைவாக வருவதாகச் சில ஆய்வுகள் காட்டியதும் உண்மை. ஆனால் நோய் வந்தவர்களுக்குக் காஃபின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில் (2017) அசைவில் முன்னேற்றம் இல்லை. கூடுதலாக நாலு டம்ளர் காப்பி குடிப்பது இந்த மருந்துக்கு மாற்று ஆகாது.

இஸ்ட்ராடெஃபிலினின் பலன் எவ்வளவு? ஆய்வில் நோயாளிகள் அரை மணிக்கு ஒருமுறை குறித்துவைக்கிறார்கள்: மருந்து வேலை செய்கிறதா, இல்லையா, தூக்கமா என்று. அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான நான்கு ஆய்வுகளில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட ஆஃப் நேரம் நாளொன்றுக்குச் சுமார் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குச் சற்று மேல் வரை குறைந்தது. ஜப்பான் 2013இல் அனுமதித்தது. அமெரிக்கா 2008இல் மறுத்து, 2019இல் ஏற்றது. ஐரோப்பா 2021இல் மறுத்தது. எட்டு ஆய்வுகளில் நான்கில்தான் ஆஃப் நேரம் குறைந்தது, அளவைக் கூட்டியும் பலன் கூடவில்லை என்பது அதன் வாதம். மூன்று தரப்பு இப்படிப் பிரிந்ததே, பலன் பெரிதல்ல என்பதைக் காட்டுகிறது.

நாளுக்கு ஒருமுறை 20 அல்லது 40 மில்லிகிராம், லெவோடோபாவுடன் சேர்த்து எடுக்க வேண்டும். தனியாக எடுப்பதற்கான மருந்து அல்ல. தலைசுற்றல், மலச்சிக்கல், தூக்கமின்மை வரலாம். சிலருக்கு இல்லாதவை இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியலாம். கைகால் நெளிவு ஏற்கெனவே இருந்தால் கூடக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு, முதலில் ஃப்ளூ காய்ச்சலுக்கென்று வந்த பழைய அமன்டடினை மருத்துவர் யோசிப்பார். அது நெளிவைக் குறைக்கும்.

என் பார்வையில், புது மாத்திரையைக் கேட்பதற்கு முன் லெவோடோபாவின் வேளைகளை நெருக்கிப் பார்க்கலாம். பருப்பு, முட்டை, இறைச்சி போன்ற புரத உணவு சிலருக்கு அதன் பலனைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் இடைவெளி விட்டும் பார்க்கலாம். எல்லாம் மருத்துவரைக் கேட்டுத்தான். எந்த மணியில் கால் நின்றது, அதற்கு முன் எப்போது மாத்திரை போட்டார் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு போனால், மதுரையில் கிடைக்கும் சில நிமிடங்களில் மருத்துவரால் எதையாவது தீர்மானிக்க முடியும்.