பிரிக்காத கடிதம்



‘தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன’ என்பார்கள். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவிப்போர் பலர் இப்படித்தான் எண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கடனில் சாணுக்கும் முழத்துக்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு.

லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம்மவர் பலர் வேலையையும் கூரையையும் ஒருசேர இழந்தார்கள். நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது. அவர்களுடைய பிள்ளைகள் பலருக்கு, தாமானில் வாங்கிய வீடுதான் குடும்பத்தின் பெயரில் எழுதப்பட்ட முதல் வீடு. அது ஏலத்துக்குப் போனால் மனம் எப்படித் துடிக்கும்!

ஈப்போவில் பட்டறை வேலை பார்க்கும் என் சின்னம்மா மகன், கையில் அடிபட்டு நான்கு மாதத் தவணையைத் தவறவிட்டான். வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமலே சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான். விஷயம் தெரிந்து உறவினர் கூடியபோது, ஒருவர் நகையை அடகு வைக்கலாம் என்றார். இன்னொருவர் ஆலோங்கிடம் கேட்கலாம் என்றார்.

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, முதலில் கடிதத்தைப் பிரி” என்றேன்.

தேதிவாரியாக அடுக்கினோம். கடைசியாக இருந்தது 16டி நோட்டீஸ். கிராண்டு உள்ள வீட்டை வங்கி ஒரே நாளில் விற்றுவிட முடியாது. தேசிய நிலச் சட்டப்படி முதலில் இந்த நோட்டீஸை அனுப்பி, பாக்கியைக் கட்டக் குறைந்தது ஒரு மாத அவகாசம் தரவேண்டும். அதன் பிறகே, கிராண்டின் வகையைப் பொறுத்து, உயர்நீதிமன்றத்திலோ நில அலுவலகத்திலோ விற்பனை உத்தரவு கேட்க முடியும். உத்தரவு வந்த பின்னும், ஏலம் முடிவதற்குள் சேரவேண்டிய முழுத்தொகையையும் செலவையும் கட்டினால் விற்பனை நின்றுவிடும். தனிக் கிராண்டு இன்னும் வராத வீடுகளுக்கு வழி வேறு. அங்கே வங்கி கடன் ஒப்பந்தப்படியே ஏலத்துக்குப் போகலாம். ஆகவே இன்னும் சீக்கிரம் விழித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாளே மருத்துவச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, அவனும் மனைவியும் நானும் வங்கிக்குப் போனோம். எவ்வளவு கட்ட முடியும் என்பதை வீட்டுக் கணக்கு எழுதிய தாளோடு சொன்னோம். சில வாரங்களுக்குப் பின் வங்கி தவணைக் காலத்தை நீட்டி, மாதத் தொகையைக் குறைத்தது. வட்டி கூடுதல்தான், ஆனால் வீடு நின்றது.

வங்கியோடு பேசிச் சரிவராவிட்டால் ஏ.கே.பி.கே. இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. ‘வீட்டை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடு’ என்று வருபவரிடம் ஏமாறாதீர்கள். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதிக் கணக்குகள் மாற்றி அமைக்கப்பட்டபின், செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்கப் பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம்.

எந்த வழியிலும் தவணை கட்ட இயலாது என்று தெரிந்தால், ஏலத்துக்கு முன்பே வங்கியிடம் சொல்லி நாமே வீட்டை விற்பது மேல். ஏலத்தில் குறைந்த விலைக்குப் போனால் வீடும் போய், மீதிக் கடனும் நம் தலையில் நிற்கும்.

உறவில் ஒருவர் இப்படித் தவித்தால், ‘ஏன் வாங்கினாய், எதற்கு ஆடம்பரம்’ என்று கேட்காதீர்கள். வெட்கம்தான் கடிதத்தை மறைக்க வைக்கிறது. கையில் பணம் இல்லாதவரும் உதவலாம்: பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துச் சொல்லலாம், வங்கிக்குத் துணையாகப் போகலாம். ஆலோங்கிடம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வங்கி நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் பொறுக்கும். ஆலோங் ஒரு நாளும் பொறுக்கமாட்டான்.