படம் போட்டால் விதி விளங்கிவிடுமா?

ஒரு நிறுவனத்தின் விதிகளைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிடப் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக வரைந்துவிட்டால் எவருக்கும் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும் என்னும் நம்பிக்கை, மென்பொருள் துறையிலும் நிர்வாகத் துறையிலும் கேள்விமுறையின்றி வேரூன்றியுள்ளது. விதியின் அமைப்போடு பொருந்தாத படம் அதன் ஓட்டைகளை மறைத்துவிடும் என்பதை இந்நம்பிக்கை கணக்கில் கொள்வதில்லை.

எடுத்துக்காட்டாக, இந்திய ரயில்வேயின் படுக்கை வசதிப் பெட்டிகளுக்குரிய சிறுவர் கட்டணத்தை வயது, தனிப் படுக்கை கோரப்பட்டதா என்னும் இரு நிபந்தனைகள் தீர்மானிக்கின்றன. இதனைப் பாய்வுப்படமாக, அதாவது சாய்சதுரத்துக்குள் கேள்வியும் அதிலிருந்து பிரியும் ‘ஆம்’, ‘இல்லை’ கிளைகளுமாக வரைபவர், ‘வயது 5-க்குக் கீழா?’ என்பதன் ‘ஆம்’ கிளையை ‘இலவசம்’ என்று முடித்துவிட்டாலும் படம் முழுமையானதாகவே தோன்றும். அக்குழந்தைக்கும் தனிப் படுக்கை கேட்டால் முழுக்கட்டணம் உண்டு என்பதோ விடுபட்டிருக்கும். நிபந்தனைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கும் முடிவு அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாக நின்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். மேலும், எந்தக் கேள்வியை முதலில் கேட்டாலும் விடை மாறாத இவ்விதியின்மீது பாய்வுப்படம் தேவையற்ற முன்பின் வரிசையைச் சுமத்துகிறது.

சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய செய்திகளை அருகருகே வைத்துத் தேடலைக் குறைக்கும்போதுதான் வரைபடம் எழுத்தை வெல்கிறது என்று ஆய்வாளர்கள் ஜில் லார்கினும் ஹெர்பர்ட் சைமனும் 1987-லேயே விளக்கினர். வரைபடத்தை வாசிப்பதும் பயின்று பெற வேண்டிய திறனே என்று ஆய்வாளர் மரியன் பீட்டர் 1995-இல் வாதிட்டார். முடிவுகளை வரைவதற்கென்றே 2015-இல் முதற்பதிப்பு கண்ட டி.எம்.என். என்னும் குறியீட்டு முறையும், எந்த முடிவு எதைச் சார்ந்தது என்பதை மட்டுமே படத்தில் காட்டி, விதிகளைப் பெரும்பாலும் அட்டவணையிடம் ஒப்படைக்கிறது. அங்கும் குறியீட்டின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அட்டவணையின் மூலையில் ‘யு’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் ஒரு நேர்வுக்கு ஒரே விதிதான் பொருந்தலாம். ‘எஃப்’ இருந்தால் பொருந்தும் விதிகளுள் மேலே உள்ளதே செல்லும். அந்த ஓரெழுத்தின் பொருளை அறியாத மேலாளர், வரிசைகளை இடம் மாற்றியதால் விதியே மாறிவிட்டதை உணரமாட்டார்.

மேலாளர்கள் அட்டவணையைப் படிக்கமாட்டார்கள், ஆகவே படமே வேண்டும் என்பது எளிதில் எழும் மறுப்பு. படிக்காமலே ஒப்புதல் தருவதற்கு வசதி செய்யும் படம், தவறான கட்டணத்தைக் கட்டப்போகும் பயணிக்கு எவ்வகையிலும் உதவாது. வரைந்தவர் விட்டுவிட்ட நேர்வை வரையாத ஒருவர் கண்டுபிடிக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்காதவரை, எந்தக் குறியீட்டையும் தெளிவானது என்று சொல்வதற்கு இடமில்லை.