கண்ணால் படிப்பதும் பயன்பாடுதான்

மொழிபெயர்ப்பாளன் முன்னால் எப்போதும் இரண்டு பிரதிகள் இருக்க வேண்டும். ஒன்று மூலம், மற்றது அவன் எழுதிக்கொண்டிருப்பது. கொழும்பில் தமிழ்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தொடங்கிய காலம் முதல், இந்நகரின் தமிழ் ஆசிரிய பீடங்களுக்கு ஆங்கிலத் தாள்களும் பின்னர் சிங்களத் தாள்களும் வந்து குவிந்தவண்ணமே இருக்கின்றன. அவற்றைத் தமிழாக்குவதே உதவி ஆசிரியனின் பாதி வாழ்க்கை.

இந்த வேலைக்குக் கணினியில் எழுதும் மென்பொருள் செய்யவேண்டிய முதல் உதவி, நான் வைத்ததை வைத்த இடத்தில் விட்டுவைப்பது. பெரும்பாலானவை அதைச் செய்வதில்லை. புதிதாக ஒரு கோப்பையோ அகராதியையோ தேடல் விடையையோ கேட்டால் அதை எங்கே காட்டுவது என்பதை மென்பொருளே தீர்மானிக்கிறது. பழையதன் மேலா, பக்கத்திலா, கீழேயா, தனிச் சட்டகத்திலா? நாம் எதுவும் சொல்லாதபோது அது தானாகச் செய்யும் தெரிவை ஆங்கிலத்தில் டிஃபோல்ட் என்பார்கள். அற்ப விடயம் என்று சிரிக்கும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பின்னர் பயன்படுத்துவது ஈமாக்ஸ் என்னும் மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1980களின் நடுப்பகுதியில் எழுதி வெளியிட்ட இலவச மென்பொருள் அது. அதன் வணக்கக் கோப்பில், உலக மொழிகளின் வரிசையில், தமிழில் 'வணக்கம்' என்ற சொல்லும் இருக்கிறது. அந்த மரியாதைக்கு நன்றி. ஆனால் வணக்கம் சொல்லி உள்ளே அழைத்தவர்கள் உட்காரக் கதிரை போடவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நாம் சாளரம் என்று சொல்வதை ஈமாக்ஸ் சட்டகம் என்கிறது. அந்தச் சட்டகத்துக்குள் இருக்கும் கூறுகளைத்தான் அது சாளரம் என்கிறது. இடப்பக்கச் சாளரத்தில் ஆங்கில மூலமும் வலப்பக்கத்தில் என் தமிழும் இருப்பதாக வையுங்கள். ஒரு சொல்லுக்கு அகராதி தேடுகிறேன். சாளரங்களை மேலும் பிரிக்க இடம் போதாதென்று கண்டால் ஈமாக்ஸ் என்ன செய்யும்? நான் எழுதிக்கொண்டிருக்கும் சாளரத்தைத் தொடாது. மற்றதில், அதாவது மூலத்தின் மேல், அகராதியைக் கொண்டுவந்து வைக்கும். சாளரங்கள் மூன்று நான்கு இருந்தால், மிக நீண்ட நேரமாகப் பயன்படுத்தப்படாத சாளரம் எதுவென்று பார்த்து அதையே எடுத்துக்கொள்ளும்.

பயன்படுத்தப்படாதது! இந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம் வருகிறது. மொழிபெயர்ப்பவன் மூலத்தைக் கையால் தொடுவதில்லை. அதில் தட்டச்சுச் செய்வதில்லை, சொடுக்குவதுமில்லை. கண்ணால் படிக்கிறான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்க்கிறான். அந்த மேசையில் மிக அதிகமாகப் பயன்படும் பொருள் அதுதான். இயந்திரத்தின் கணக்கிலோ அது தூசி படிந்த மூலை. கை பட்டால்தான் பயன்பாடு என்று கணக்குப் போடும் தெரிவை யார் செய்திருப்பார்? ஒரே மொழியில் வாழ்ந்து, நிரல் எழுதும் வேலையைச் செய்பவர் என்றே நினைக்கிறேன். அவருக்கு அது பொருந்தும்.

பக்கவாட்டில் பிரிப்பதற்கு ஈமாக்ஸ் வைத்திருக்கும் அளவு இன்னொரு வேடிக்கை. 2009இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து விதி இதுதான்: சாளரம் 80 வரி உயரம் இருந்தால் கீழே பிரி, இல்லாவிட்டால், 160 எழுத்து அகலம் இருந்தால் பக்கவாட்டில் பிரி. சட்டகத்தைச் சற்றுச் சுருக்கிவிட்டால், நேற்று வலப்பக்கம் திறந்தது இன்று கீழே திறக்கும். 160 என்பது இரண்டு 80. அந்த 80 எங்கிருந்து வந்தது? 1928இல் ஐ.பி.எம். கம்பனி அறிமுகப்படுத்திய துளையட்டையில் 80 நிரல்கள் இருந்தன. பின்னாளில் வந்த முனையத் திரைகள் அதே அகலத்தைப் பிடித்துக்கொண்டன. அதுவும் ஆங்கில எழுத்தின் அகலம். நமது 'ணை'யும் 'னௌ'வும் 'ஞா'வும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்துக்குள் அடங்குமா? ஆங்கிலேயருக்கு ஒரு முழு வரி கொள்ளும் இடத்தில் நமக்கு நாலைந்து சொற்கள் மட்டுமே. கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதும் ஒருவருடைய திரையை, நியூயோர்க்கின் துளையட்டை ஒன்று ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்தும் பங்கு பிரிக்கிறது.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. அச்சுக்கோப்பாளர் பிரதியை எழுத்துக் கேஸின் மேல் செருகிவைத்துக்கொண்டு கோப்பார். யாரும் வந்து அதன் மேல் வேறு தாளை வைப்பதில்லை. வைத்தால் அடி விழும். ஒப்புநோக்கும் பகுதியில் ஒருவர் மூலத்தை உரத்துப் படிக்க, மற்றவர் அச்சுப்படியில் கண் பதித்திருப்பார். மூலத்துக்கென்றே ஒரு மனிதர் சம்பளம் வாங்கினார்.

2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை உள்ளிட்ட கொழும்புப் பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பெட்டியை அவிழ்ப்பதா கட்டுவதா என்று தெரியாமல் காலி வீதியோர அறைகளில் காத்திருந்தவர்களுக்கு, மறுநாட் காலைப் பத்திரிகையின் ஒவ்வொரு வினைமுற்றும் முக்கியம். நான் அப்போது இருந்த ஆசிரிய பீடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒவ்வொரு கோப்பும் திரை முழுவதையும் மூடிக்கொண்டு திறக்கும்படியே கணினிகளை அமைத்திருந்தார்கள். ஆங்கிலக் குறிப்பு அடியில் மறைந்துவிட, மேலே பாமினியில் தட்டிக்கொண்டிருந்த இளைஞர் நினைவிலிருந்து எழுதினார். 'வெளியேற்றக் கூடாது' என்பது 'வெளியேற்றத் தேவையில்லை' என்று வந்தது. பக்கம் போவதற்கு முன்னர் ஒப்புநோக்காளர் பிடித்துவிட்டார். அந்த இளைஞர் திறமையானவர். திரைதான் அவருக்கு மூலத்தைக் காட்டவில்லை.

'பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமே' என்று கனடாவிலிருக்கும் என் மருமகன் சொல்கிறார். மாற்றலாம். 2012இல் வந்த ஈமாக்ஸ் 24.1 அதற்கென்றே விதிகளின் பட்டியல் ஒன்றைத் தந்தது: எந்த வகைக் கோப்பு எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிவைக்கலாம். அதன் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களே தலையைச் சொறிகிறார்கள். மாலை ஆறு மணிக்குப் பிரதியை முடிக்கவேண்டிய உதவி ஆசிரியர் அதைப் படிக்கப் போவதில்லை. அவருக்கு வாய்த்தது எதுவோ அதுவே அவருடைய விதி.

பழைய பாவனையாளர்கள் பல்லாண்டுகளாகப் பழகியதைத் திடீரென மாற்றலாமா என்ற எதிர்வாதத்துக்கு மதிப்புக் கொடுக்கிறேன். கைப்பழக்கத்தின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் குரல் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை கிடைப்பதைக் காண்கிறேன். 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது, பணிப்பட்டையில் ஒவ்வொரு சாளரத்தையும் பெயருடன் தனித்தனியே காட்டும் வசதியை மைக்ரோசொப்ட் எடுத்துவிட்டது. உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. 2023இல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். தமிழில் எழுதுபவர்கள் எதைக் கேட்டுக் கூக்குரல் எழுப்பினோம்? எழுத்துரு, விசைப்பலகை, பாமினியா ஒருங்குறியா என்று இருபது ஆண்டுகள் சண்டை பிடித்தோம். எழுத்து வந்த பிறகு அதை எங்கே வைத்து எழுதுவது என்று எவரும் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. தட்டச்சு நடக்காத சாளரத்தை வெற்றிடமாகக் கருதவேண்டாம். அகராதி, தேடல் விடை, எச்சரிக்கை எல்லாம் திரையின் அடியில் ஒரு சிறு பட்டையில் வரட்டும். வேலை முடிந்ததும் மூடப்படட்டும். 2025இல் வந்த ஈமாக்ஸ் 30இல், ஒரு சாளரத்தை அதன் கோப்புக்கே உரியதாக்கிப் பூட்டும் கட்டளைக்குக் குறுக்குவிசையும் வந்திருக்கிறது: கொன்ட்ரோலை அழுத்தி எக்ஸ், பிறகு டபிள்யூ, பிறகு டி. மூலத்தின் மேல் நின்று ஒருமுறை அழுத்தினால் அதன் மேல் வேறெதுவும் தானாக வந்து உட்காராது. நாள்தோறும் நான் அழுத்துகிறேன். அழுத்தாமலே அப்படி இருக்கவேண்டும் என்பதுதான் வாதம்.

ஈமாக்ஸைச் செய்பவர்கள் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆசிரிய பீடங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கும் தம்பிமார் எந்த மென்பொருளை ஏற்றினாலும், கணினியை ஒப்படைக்கும் முன்னர் இரண்டு கோப்புகளை அருகருகே திறந்து, மூன்றாவதைத் திறந்து பார்க்கட்டும். மூலம் மறைந்தால், அமைப்பை மாற்றிவிட்டு ஒப்படைக்கட்டும். பத்து நிமிட வேலை.