கணினிப் பெட்டியும் வர்ணப் பூச்சும்

ஆண்டுவிழா மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியோ புலம்பெயர்ந்த மண்ணில் எமது பண்பாடு பற்றியோ எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மிலும் திறம்பட எழுதவல்ல அறிஞர்கள் இம்மலரில் எழுதியிருப்பர் என்பதால், நாம் வேறொரு விடயத்தை எடுத்துக்கொள்கின்றோம். பழைய மேசைக் கணினியின் பெட்டிக்கு வீட்டிலேயே வர்ணம் பூசுதல் என்பதே அது. பெற்றோர் நகைக்காது வாசிப்பார்களாக. மாணவச் செல்வங்கள் எப்படியும் வாசிப்பர்.

சென்ற கோடை விடுமுறையின்போது, பதினான்கு வயதுடைய எமது மகள், நிலக்கீழ் அறையில் தூசி படிந்து கிடந்த கணினிப் பெட்டியொன்றை மேலே தூக்கி வந்து, "அப்பா, இதுக்கு நான் பெயின்ற் அடிக்கப் போறன்" என்றாள். எமது வாயிலிருந்து உடனே புறப்பட்ட மறுமொழி இது: "படிக்கிற பிள்ளைக்கு உது என்ன வேலை? வேணுமெண்டால் புதுசா ஒண்டு வாங்கித் தாறன்." நம்மவர் வீடுகளில் பல்லாண்டுகளாக ஒலித்துவரும் மறுமொழிதான். அதிலுள்ள இரண்டு வாக்கியங்களுமே பிழையானவை என்பதை அந்தக் கோடை முடியுமுன் நாம் உணர நேர்ந்தது.

இரண்டாவது வாக்கியத்தை முதலில் நோக்குவோம். கணினியின் உள்ளுறுப்புகள் சில ஆண்டுகளிலேயே பழமையாகிவிடுகின்றன; பெட்டி அவ்வாறன்று. 1995ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ் எனப்படும் அமைப்பொழுங்கை வெளியிட்டது. தாய்ப்பலகையின் அளவு, அதைப் பொருத்தும் துளைகளின் இடம் முதலியவற்றை வரையறுத்த அவ்வொழுங்கு இன்றும் வழக்கிலுள்ளது. ஆதலால் இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பெட்டிக்குள் இன்றைய தாய்ப்பலகையொன்றைப் பொருத்த முடியும். காற்றோட்டம் போதாது, இக்காலத்து நீண்ட வரைகலை அட்டைகளுக்கு இடம் போதாது என்னும் குறைகள் உள்ளன. அவற்றை மறைக்க நாம் விரும்பவில்லை. பாடசாலை வேலைகளுக்கான கணினிக்கு அக்குறைகள் ஒரு பொருட்டல்ல. நல்ல உருக்குத் தகட்டாலான பெட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டு அதிலும் மெல்லிய தகட்டாலான புதிய பெட்டியை வாங்குவதில் என்ன சிக்கனம் இருக்கின்றதோ நாம் அறியோம்.

பெட்டியின் நிறந்தான் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. அதில் அவர்கள் மீது குற்றமில்லை. 1977இல் வெளிவந்த அப்பிள் இரண்டு, 1981இல் வெளிவந்த ஐ.பி.எம் கணினி ஆகியவை தொடக்கம் பல்லாண்டுகளாகக் கணினி என்றால் மங்கிய வெண்சாம்பல் நிறந்தான். 1998இல் அப்பிள் நிறுவனம் ஐமாக் என்னும் நீலப்பச்சைக் கணினியை வெளியிட்டபோது உலகம் வியந்தது. மறு ஆண்டில் ஐந்து நிறங்களில் அது வந்தது. எம் வீட்டுப் பெட்டியோ அந்தப் பழைய வெண்சாம்பல் வகையைச் சேர்ந்தது. அதன் முகப்பு ஏ.பி.எஸ் என்னும் பிளாஸ்ரிக்கினாலானது. தீப்பற்றாதிருப்பதற்காக அதில் கலக்கப்படும் புரோமீன் சேர்வைகளும் சூரிய ஒளியும் சேர்ந்து காலப்போக்கில் அதனை மஞ்சளாக்கிவிடுகின்றன. ஐதரசன் பேரொட்சைட்டினால் அம்மஞ்சளைப் போக்கும் முறையொன்று 2008ஆம் ஆண்டளவில் ஆர்வலரிடையே பரவியது. எம் மகளுக்குப் பழைய நிறம் மீள்வதில் விருப்பமில்லை. அவள் கேட்டது கடல் நீலம்.

முதல் முயற்சி படுதோல்வி. கடையில் ஸ்பிறே பெயின்ற் தகரமொன்றை வாங்கி, பின்வளவில் பழைய கடதாசிகளை விரித்து, நண்பகல் வெயிலில் பக்கத் தகட்டின் மீது நேரடியாக ஒரே மூச்சில் அடித்து முடித்தாள். அரைமணி நேரத்தில் வர்ணம் கண்ணீர்த் தாரைபோல் வடிந்திருந்தது. மறுநாள் நகத்தால் கீறியவுடன் வாழைப்பழத் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. நாம் "சொன்னேனே" என்று சொல்ல வாயெடுத்தோம். அவளது முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டோம்.

இரண்டாம் முறை இருவருமாகத் தகரத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை வாசித்தோம். அவ்வளவும் அங்கேயே எழுதியிருந்தது! முதலில் பெட்டியிலுள்ள யாவற்றையும் கழற்றவேண்டும். மின்வழங்கியை முழுதாகக் கழற்றி எடுத்து வைக்கலாம். அதனை ஒருபோதும் திறக்கலாகாது. மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகளில் உயிராபத்தான மின்னேற்றம் எஞ்சியிருக்கக் கூடும். மாணவர்கள் இவ்வொரு வரியை இருமுறை வாசிக்கவும். பின்னர் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் தகடுகளைக் கழுவி எண்ணெய்ப் பசையை நீக்கவேண்டும். அதன்பின் உரசுதல்.

உரசுதல்தான் இவ்வேலையின் பெரும்பகுதி. பழைய பூச்சை முற்றாக அகற்றவேண்டியதில்லை. அதன் பளபளப்பைக் கொன்றாற் போதும். வழுவழுப்பான பரப்பில் புதிய வர்ணம் பற்றிக்கொள்ள இடமில்லை. 320 இலக்க அரத்தாளால் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் தோன்றுகின்றன, வர்ணம் அவற்றுள் வேரூன்றுகின்றது. அளவுக்கு மீறி உரசினால் உருக்கின் மேலுள்ள மெல்லிய நாகப் படலமும் போய்த் துருப்பிடிக்கும். "இன்னும் எவ்வளவு நேரம் அப்பா?" என்று அவள் கேட்டது எத்தனை முறை என்று நாம் எண்ணவில்லை. இரண்டு மாலைப்பொழுதுகள் இதிலேயே கழிந்தன. அடுத்தது அடிப்பூச்சு, உருக்குக்கு ஒன்று, பிளாஸ்ரிக் முகப்புக்கு அதற்கென உரிய வேறொன்று. அது காய்ந்தபின் 600 இலக்கத் தாளால் மெதுவாக மீண்டும் ஓர் உரசல். அதற்குப் பின்னரே நீலம். தகரத்தை இரண்டு நிமிடம் குலுக்கி, ஓரடி தூரத்தில் பிடித்து, தகட்டின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி மறு ஓரத்துக்கு வெளியே முடித்து, ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடுமாறு அடித்தாள். முதற் பூச்சில் அடிப்பூச்சு தெரியத்தான் வேண்டும். தெரியாவிட்டால் அது தடித்த பூச்சு, வடிந்துவிடும். இவ்வாறு மூன்று மெல்லிய பூச்சுகள், அவற்றின் மேல் நிறமற்ற காப்புப் பூச்சு இரண்டு.

பலர் அறியாத ஒன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். வர்ணம் மின்னைக் கடத்தாது. தாய்ப்பலகையைத் தாங்கும் சிறு முளைகளும், தகடுகள் ஒன்றையொன்று தொடும் உள்விளிம்புகளும் வெறும் உலோகமாகவே இருக்கவேண்டும். பெட்டியின் வழியே நில இணைப்புக் கிடைப்பதும், கணினியின் மின்காந்த இரைச்சல் வெளியே கசியாதிருப்பதும் அத்தொடுகையினாலேதான். அவ்விடங்களை ஒட்டுநாடாவால் மூடும் வேலை ஒரு முழு மாலையை எடுத்தது.

இனி ஓர் எச்சரிக்கை. கனடாவில் வாழும் நம்மவர் எதையும் நிலக்கீழ் அறையில் செய்து பழகியவர்கள். இவ்வேலையை அங்கே செய்யவே கூடாது. ஒருகாலத்தில் தெளிப்புத் தகரங்களில் ஓசோன் படலத்தைத் தாக்கும் வாயுக்கள் இருந்தன. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாவதற்கு முன்னரே வட அமெரிக்காவில் அவை பெரும்பாலும் கைவிடப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த புரோப்பேன், பியூட்டேன் முதலியவை தீப்பற்றும் வாயுக்கள். அவற்றைவிட வர்ணத்தைக் கரைக்கும் திரவங்களின் ஆவி வேறு. நிலக்கீழ் அறையிலோ வெப்பமூட்டும் உலையும் சுடுநீர்க் கொதிகலனும் எரிவாயுச் சுடருடன் நிற்கின்றன. ஆகவே திறந்த வெளியில், காற்று அதிகம் வீசாத, மழைக்குணமற்ற, மிதமான வெப்பமுள்ள நாளிலேயே பூசவேண்டும். ரொறன்ரோவில் அத்தகைய நாட்கள் மே மாதத்துக்கும் செப்ரெம்பருக்கும் இடையில்தான் கிடைக்கும். தூசுக்காக அணியும் காகிதக் கவசம் இவ்வாவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கென விற்கப்படும் வடிகட்டியுள்ள கவசமே வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் நின்றே ஆகவேண்டும்.

அருகில் நிற்கவேண்டும் என்றோம். கையிலிருந்து பறிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. எமக்கு மிகக் கடினமாயிருந்தது இதுவே. அவளது கை நடுங்கி ஒரு வீச்சுக் கோணியபோதெல்லாம், "இஞ்ச தா, நான் அடிச்சு விடுறன்" என்று தகரத்தை வாங்கிவிட எமது கை துடித்தது. பேச்சுப்போட்டிக்குப் பேச்சை நாமே எழுதிக்கொடுக்கின்றோம். விஞ்ஞானக் கண்காட்சிக்கு மாதிரியுருவை நாமே ஒட்டிக்கொடுக்கின்றோம். பரிசைப் பிள்ளை வாங்கும்போது படமும் எடுத்துக்கொள்கின்றோம். இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோரில் எத்தனை பேர் இதை மறுப்பர்? எம்மையும் சேர்த்தே கேட்கின்றோம். பிள்ளையின் பிழை பிள்ளையினுடையதாய் இருக்கும் ஓரிடம் வீட்டில் வேண்டும். பழைய பெட்டியில் விழும் பிழையால் எவருக்கும் நட்டமில்லை. உரசிவிட்டு மறுபடி பூசலாம்.

"படிக்கிற பிள்ளைக்கு என்ன வேலை" என்னும் முதல் வாக்கியத்துக்கு வருவோம். சனிக்கிழமை கணித வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை நடனம், இடையில் தமிழ்ப் பாடசாலை எனப் பிள்ளைகளின் நாட்களை நிரப்பிவிட்டோம். உரசுதலும் காயவிடுதலும் எந்த வகுப்பிலும் இல்லை. அந்த மாலைகளில் நாம் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கைகள் வேலையாயிருந்தமையால் வாய் திறந்தது. எம் மாமியார் சாய்மனைக் கதிரையைப் பின்வளவில் போட்டு அமர்ந்துகொண்டு, "அழுத்தாத பிள்ளை, பதமா உரஞ்சு, ஈரம் காயவிட்டுத் தொடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உரஞ்சு, வழி, துடை, பதம், ஓரம், படை என்னும் சொற்களை அவள் எந்தப் பாடநூலிலிருந்தும் கற்கவில்லை. 'பதம்' என்றால் என்ன என்று கேட்டாள். அம்மம்மா சொல்லால் விளக்க முடியாமல், எழுந்து வந்து அவளது கையைப் பிடித்து உரசிக் காட்டினார். தமிழ்ப் பாடசாலையில் ஆறு ஆண்டுகள் படித்தும் அச்சொல் அவளிடம் வந்திருக்கவில்லை. ஆசிரியர்கள் மீது குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. வகுப்பறை மேசையில் அரத்தாள் இல்லை, அவர்கள் என்செய்வர்?

மாமியார் யாழ்ப்பாணத்துக் கார்களைப் பற்றியும் சொன்னார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, உரசி, கிடைத்த வர்ணத்தைப் பூசி ஓடவிட்டார்கள். தகரத்தில் அடைத்த வர்ணம் அமெரிக்காவில் 1949ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இவர்களுக்கோ தூரிகைதான் கைகொடுத்தது. "புதுசு வாங்கலாம் எண்டு அப்ப ஆரும் நினைக்கேல்லை" என்றார். மகள் உரசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாமும் அக்கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

வர்ணம் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலையை அடைந்துவிடும். உள்ளே இறுகுவதற்கோ பல நாட்கள் செல்லும். ஒரு வாரம் பொறுக்கும்படி சொல்லியிருந்தோம். நான்காம் நாள் எம் இளைய மகன், ஒன்பது வயது, காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகப் பெருவிரலை வைத்து அழுத்திவிட்டான். வலப்பக்கத் தகட்டில் அவனுடைய ரேகை அப்படியே பதிந்துவிட்டது. வீட்டில் அன்று பெரும் போர். உரசி மறுபடி பூசலாம் என்று நாம் சமாதானம் சொன்னோம். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். கணினி இப்போது அந்த ரேகையுடனேயே அவளது மேசையில் நிற்கின்றது. எஞ்சிய வெறுந்தகரங்களை நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படைத்தோம். அவற்றைச் சாதாரணக் குப்பையில் போடலாகாது.

வருகின்ற மே மாதம் இளையவனின் முறை. அவனுக்கென இன்னொரு பழைய பெட்டியை உறவினர் ஒருவர் தந்துள்ளார். ஒரு பக்கம் செம்மஞ்சள், மறுபக்கம் பச்சை என்று அவன் முடிவு செய்துவிட்டான். அச்சேர்க்கை எமக்குச் சற்றும் பிடிக்கவில்லை. இன்னும் அதனை அவனிடம் சொல்லவில்லை.