கடைக்கு ஓனர் யாரு?

இங்கிலாந்து கிராமங்கள்ல பப் வாசலுக்கு மேல உரிமம் வாங்கினவர் பேரை எழுதி வைக்கிறது ரொம்ப நாள் வழக்கம். நம்ம ஊர் டாஸ்மாக்ல பேரு இருக்காது, கடை எண் மட்டும்தான். இந்த வித்தியாசத்தைப் பத்திதான் பேசப்போறேன்.

நான் பீர்க்கன்கரணை. இப்போ தாம்பரம் மாநகராட்சி, 2021 வரைக்கும் பேரூராட்சி. அந்தக் காலத்துல தமிழ்நாட்டு கிராமத்துக் கள்ளுக்கடைக்கு ஒரு முதலாளி இருந்தார். வெள்ளைக்காரன் 1886-ல அப்காரி சட்டம் கொண்டுவந்தான். கடையை ஏலம் விடுவாங்க, அதிகமா கேட்டவருக்குக் குத்தகை. ஏலக்காசை எடுக்கணுமே! கடன் கொடுத்தாவது குடிக்க வைப்பார். அவர் நல்லவர்னு நான் சொல்ல வரல. ஆனா புருஷன் சம்பளத்தைத் தொலைச்சுட்டு வந்தா, யார் வீட்டு வாசல்ல போய் நின்னு திட்டணும்னு அந்தம்மாவுக்குத் தெரியும்.

அப்புறம் நடந்தது நம்ம அரசியல் வரலாறு. 1937-ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948-ல மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல கலைஞர் தளர்த்தினார், 1974-ல மறுபடி மூடினார். 1981-ல எம்.ஜி.ஆர். கள்ளு, சாராயக் கடைகளைத் திறந்தார், 1987-ல மூடினார். நடுவுல 1983-ல மொத்த விற்பனைக்காகப் பிறந்ததுதான் டாஸ்மாக். 2003-ல சில்லறைக் கடையும் அதோட கைக்கே போச்சு. குத்தகைக்காரர் இடத்துல அரசாங்கமே உட்கார்ந்துடுச்சு.

நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டர் தள்ளிப் போகணும்னு 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னதும், கடைகள் ஊருக்குள்ள வர ஆரம்பிச்சது. 2017-ல சாமளாபுரம் மாதிரி ஊர்கள்ல பெண்கள் ரோட்டுக்கு வந்தாங்க. ஏன் ரோடு? தட்டுறதுக்கு ஒரு முதலாளி வீட்டுக் கதவு இல்லையே!

இப்போ என் கதை. நான் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுல சேர்ந்தவன். என் ஃபீஸை அரசுதான் கட்டுது. எங்க பெரியப்பா குடியாலேயே போனவர். அவர் செலவழிச்ச காசும் என் ஃபீஸும் ஒரே கஜானாதான். அப்போ அந்தக் கடையில எனக்கும் பங்கு இருக்கா இல்லையா? ராத்திரி படுத்தா இந்தக் கேள்வி தூங்க விடல.

'எல்லாத்தையும் நாளைக்கே மூடு'ன்னு சொல்றது சுலபம். மூடினப்போ கள்ளச்சாராயம் வந்ததையும் பார்த்தாச்சு. நான் கேட்கறது வேற. ஓனர் நாமன்னா, ஓனர் மாதிரி நடந்துக்கணும். கடை எங்க இருக்கணும், குடியை விட நினைக்கறவனுக்குப் பக்கத்துலயே சிகிச்சை இருக்கா, வருமானத்துல எவ்வளவு அதுக்குப் போகுது? வார்டு கவுன்சிலர்கிட்ட, பகுதி சபையில நாம கேட்கலாம். ஓட்டுரிமை வந்தாச்சு, இன்னும் எதுக்குத் தயக்கம்?

அடுத்த தடவை அந்தக் கடை எண் போர்டைத் தாண்டிப் போறப்போ, அதுக்குக் கீழ உங்க பேரை மனசுக்குள்ள எழுதிப் படிச்சுப் பாருங்க. உறுத்துச்சுன்னா, பேசலாம் வாங்க.