ரசீதில் ஏறாத வரி

2025-ஆம் வருஷத்தில் ஒரு நாள், காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து வெளிச்சம் பரவுகிற நேரத்தில், டீக்கடை வாசலில் நின்றிருந்த என்னை ஒரு மீன்பாடி வண்டிக்காரர் மடக்கினார். எனக்குப் பழக்கமானவர். இருபது வருஷமாக ஐஸ் பெட்டியையும் மீன் கூடையையும் ஏற்றிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினை மூன்று சக்கரத்தில் பூட்டிய அந்த வாகனத்தை ஒழித்துவிட்டு, புதிதாக ஒரு குட்டியானை வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை.

"பேப்பர்ல எழுதுறவருதானே சார் நீங்க? அமெரிக்காகாரன் வரி போட்டுட்டான், நம்மாளும் வரி போட்டுட்டான்னு டிவியில ஓயாம கத்திக்கினு கீறானுங்க. குட்டியானை வெல ஏறுமா, எறங்குமா? அத்த மட்டும் சொல்லுங்க, போதும்."

நான் விழித்தேன். டீயைக் குடித்துவிட்டு, "பார்த்துச் சொல்கிறேன்" என்று நழுவினேன். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு இந்தக் கேள்வி கஷ்டமானதுதான். ஆனால் கல்லூரியை முழுக்க முடித்த கனவான்கள் யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். அவர்கள் தேச கௌரவத்தைப் பற்றிப் பேசினார்கள். உலகச் சந்தையைப் பற்றிப் பேசினார்கள். அவருடைய வண்டி விலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஆகவே நான் பேசுகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிந்துகொள்வோம். இறக்குமதிச் சுங்கத்தை அந்நியன் கட்டுகிறான் என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்நியன் கட்டுவதில்லை, ஐயா! கப்பலிலிருந்து சரக்கை இறக்குகிற உள்ளூர் வியாபாரி கட்டுகிறான். சில வேளை அந்நிய ஏற்றுமதிக்காரன் தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதும் உண்டு. மிச்சமெல்லாம் சரக்கின் விலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கடைசியில் வாங்குகிறவனின் மடியை அவிழ்க்கிறது.

அதோடு தீர்ந்ததா? அந்நியச் சரக்கின் விலை ஏறியதும் உள்ளூர் ஆலைக்காரனுக்கும் தன் விலையை அதை ஒட்டி ஏற்றிக்கொள்ளத் தைரியம் வந்துவிடுகிறது. அந்நியச் சரக்கின்மேல் விழுகிற சுங்கமாவது சர்க்கார் கஜானாவுக்குப் போகிறது. உள்ளூர்க்காரன் ஏற்றிய விலை எங்கே போகிறது? அவன் பெட்டிக்குத்தான் போகிறது. ஜனங்கள் கட்டுகிறார்கள், ஆனால் சர்க்காரின் கணக்கிலும் அது இல்லை, ஜனங்களின் கையில் உள்ள ரசீதிலும் இல்லை.

இதற்காகச் சுங்கமே வேண்டாம் என்று சொல்லுகிற ஆசாமி அல்ல நான். ராயபுரத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் என் தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கும். இங்கிருந்து வடக்கே நடந்தால் வருகிற ஊர்கள் எல்லாம் எதனால் வளர்ந்தன? எண்ணூரில் 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1950-ல் லேலண்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டு லாரிக்கு வந்தது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. இடையில் 1953-ல், இங்கேயே உறுப்புகளைச் செய்யத் திட்டம் இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று சுங்கக் கமிஷனின் யோசனைப்படி சர்க்கார் சொல்லிற்று. பெட்டியில் வந்த உறுப்புகளைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டினார்கள். அந்தச் சுவர் இல்லாதிருந்தால் எண்ணூரில் உப்பளம் இருந்திருக்கும், லாரி இருந்திராது.

திருவொற்றியூரைப் பாருங்கள். 1955-ல் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளை வரவழைத்து என்ஃபீல்டு புல்லட்டைப் பூட்டத் தொடங்கினார்கள். சில வருஷங்களில் எல்லா உறுப்பையும் இங்கேயே செய்தார்கள். 1970-ல் இங்கிலாந்தில் தாய் வீட்டு உற்பத்தியே நின்றுபோயிற்று. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் அதே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று! பிள்ளைக்கு நடைவண்டி கொடுத்தால் பிள்ளை நடக்கக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆனால் நாற்பது வயதிலும் நடைவண்டியை விடமாட்டேன் என்கிற பிள்ளையை என்ன செய்வது? சுவரின் நிழலில் அம்பாஸடர் கார் கிட்டத்தட்ட ஒரே முகத்தோடு 1957 முதல் 2014 வரை வந்துகொண்டிருந்ததையும் நாம்தான் பார்த்தோம். காசைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் வண்டிக்குக் காத்துக் கிடந்ததும் நம் தகப்பன்மார்தாம். காத்திருந்ததும் ஒருவகை வரிதான். அதற்கும் ரசீது கிடையாது.

சுவரை எழுப்புவது எளிது, இடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. கோழியில் ஆரம்பித்து லாரியில் முடிந்த கதை. 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்குச் சுங்கத்தை உயர்த்தின. கோபம் கொண்ட அமெரிக்கா, 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்ஸனின் உத்தரவால் உருளைக்கிழங்கு மாவுக்கும், டெக்ஸ்ட்ரினுக்கும், பிராந்திக்கும், சிறிய லாரிக்கும் பதில் சுங்கம் விதித்தது. லாரிக்கு நூற்றுக்கு 25. கோழிச் சண்டை ஓய்ந்தது. மற்ற மூன்றின் மேலிருந்த சுங்கமும் காலப்போக்கில் போயிற்று. லாரியின் மேலிருந்தது மட்டும் போகவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் நீடித்தது. கோழியை வளர்த்தவன் செத்துப்போயிருப்பான், தின்றவனும் செத்துப்போயிருப்பான். பிக்அப் வாங்குகிறவன் மட்டும் இன்னும் அந்தக் கோழிக்காக அழுதுகொண்டிருந்தான்.

யாரைக் காப்பாற்ற அந்தச் சுங்கம் இருந்ததோ, அவர்களே அதை ஏய்க்க வழி தேடியதுதான் இதில் உச்சம். ஃபோர்டு கம்பெனி துருக்கியில் செய்த சரக்கு வேன்களில் பின் ஆசனங்களைப் பொருத்தி, பிரயாணிகள் வண்டி என்று குறைந்த சுங்கம் கட்டி இறக்கியது. இறக்கிய பிறகு ஆசனங்களைக் கழற்றிவிட்டது. வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2024-ல் 36 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. ஆசனம் செய்த கூலி, கழற்றிய கூலி, வக்கீல் கூலி எல்லாவற்றையும் கடைசியில் யார் தலையில் கட்டியிருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு வருவோம். நம் குட்டியானை இறக்குமதிச் சரக்கே அல்லவே, அதற்கு ஏன் சுங்கத்தால் விலை ஏற வேண்டும்? வண்டி இங்கே செய்ததுதான். வண்டிக்குள் இரும்பு இருக்கிறதே! 2025 ஏப்ரல் 21-ஆம் தேதி சில வகை இரும்புத் தகடுகளின் இறக்குமதிக்கு நூற்றுக்கு 12 பாதுகாப்புச் சுங்கம் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. முதலில் 200 நாள் என்றார்கள். அந்த வருஷ முடிவில், மூன்று வருஷத்துக்கு 12, 11.5, 11 என்று படிப்படியாகக் குறையும்படி வைத்தார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வண்டிக்கு ஒரு டன் தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். டன் 50,000 ரூபாய் என்று வையுங்கள். சுவரின் உயரம் முழுவதும் ஆலைக்காரன் விலையை ஏற்றினால் வண்டிக்கு 6,000 ரூபாய் கூடும். அந்த 6,000-த்தின் மேலும் நூற்றுக்கு 18 ஜி.எஸ்.டி. உண்டு, ஆக 7,080. மீன்பாடி வண்டிக்காரர் ரொக்கம் கொடுத்தா வாங்கப் போகிறார்? கடன் வாங்குவார். 7,080-க்கும் ஐந்து வருஷம் வட்டி கட்டுவார். இரும்பு முதலாளிக்குக் காசிமேட்டு வண்டிக்காரர் தவணையில் செலுத்துகிற தட்சிணை இது!

திருவொற்றியூர் லேத் பட்டறைக்காரனுக்கு இதிலே இரட்டை அடி. வாங்குகிற தகட்டுக்கு இங்கே ஒரு சுவர். அவன் கடைந்து கொடுக்கிற மோட்டார் உறுப்பு அமெரிக்காவுக்குப் போனால், 2025 மே 3 முதல் அங்கே நூற்றுக்கு 25 என்று இன்னொரு சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே நசுங்குகிறவனைக் காட்டி, "தொழிலைக் காப்பாற்றுகிறோம்" என்கிறார்கள். எந்தத் தொழிலை? யாருடைய தொழிலை?

"சீன இரும்பு மலிவாக வந்து குவிந்தால் நம் ஆலைகள் மூடிப் போகும், ஆயிரக்கணக்கானவர் வேலை போகும், அதற்கு 7,000 ரூபாய் பெரிதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரிதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த 7,000 ரூபாயை அவரிடம் கேட்டு வாங்குங்களேன்! ஏன் திருட்டுத்தனமாக வாங்குகிறீர்கள்?

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆயிற்று. 5 லட்சம் ரூபாய் அடக்க விலையுள்ள வண்டிக்கு 50,000 ரூபாய் மிச்சம். அன்று கடற்கரை முழுவதும் அதே பேச்சு. காசிமேட்டில் கூடை தூக்குகிறவன்கூடக் கணக்குச் சொன்னான். ஏன்? அந்த வரி ரசீதில் அச்சிட்டிருக்கிறது. கண்ணால் பார்த்த வரியைப் பற்றி ஜனங்கள் கேள்வி கேட்கிறார்கள். கேள்வி கேட்டதால் என்றாவது ஒருநாள் அது குறைகிறது. சுங்கம் ரசீதில் ஏறுவதில்லை. ஆகவே அதைக் குறை என்று கேட்க ஆள் இல்லை. கூட்டு என்று கேட்க மட்டும் ஆள் இருக்கிறது, அதுவும் டில்லியிலேயே இருக்கிறது.

சிறிய லாரியை இந்த நாட்டு ஏழைக்கு எட்டச் செய்தது எது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1980-களின் நடுவில் டொயோட்டா, மாஸ்டா, மிட்ஸுபிஷி, நிஸ்ஸான் என்று நான்கு ஜப்பானியக் கம்பெனிகள் இங்கே கூட்டுச் சேர்ந்து லாரி செய்ய வந்தன. அந்தப் பயத்தில்தான் 1986-ல் டாடா 407 பிறந்தது. யென் விலை ஏறி ஜப்பான் உறுப்புகளின் விலை எகிறியபோது, இங்கேயே செய்த 407 நின்றது. 2005-ல் 2 லட்சத்துச் சொச்சம் ரூபாய்க்குக் குட்டியானை வந்ததும் சரக்கு ஆட்டோக்களோடு போட்டி போட்டுத்தான். உள்ளூர்த் திறமையும் வேண்டும், வாசலில் போட்டியும் வேண்டும். சுவர் முதலாவதற்கு அவகாசம் கொடுக்கும். நீடித்தால் இரண்டாவதைக் கொன்றுவிடும்.

ஆகவே நான் கேட்பது இரண்டே இரண்டு. சுவர் எழுப்பும்போதே அதை இடிக்கிற தேதியையும் எழுது. எழுதிய தேதியில் இடி. இரும்புக்கு மூன்று வருஷம் என்று எழுதியிருக்கிறார்கள், சந்தோஷம். 200 நாள் மூன்று வருஷமானதைப் பார்த்தவன் நான். அந்தக் கடைசி நாளை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது, ஒவ்வொரு வண்டியின் ரசீதிலும், "இதில் இன்ன தொகை சுங்கத்தால் ஏறியது" என்று ஒரு வரி போடு. துல்லியமாகச் சொல்ல முடியாது என்பார்கள். உத்தேசமாகச் சொல்லட்டும். ஒன்றுமே சொல்லாததைவிட அது நாணயம்.

மறுவாரம் டீக்கடையில் அவரிடம் பதில் சொன்னேன்: "ஜி.எஸ்.டி.யால் குறையும்; இரும்பால் கொஞ்சம் ஏறும். குறைந்ததைக் காட்டுவார்கள், ஏறியதைக் காட்டமாட்டார்கள்."

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "அதான் சார், ஏலக்காரனும் அப்டித்தான், கழிச்ச காச சத்தமா சொல்லுவான், புடிச்ச காச வாய்க்குள்ளயே சொல்லுவான்" என்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.